ரெப்ளிகா என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை

நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் முகநூலில் ஒரு படம் போட்டிருந்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் கேட்க வேண்டாம். கையில் அவன் தோள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. பக்கத்தில் அவன் ஆறு வயதுப் பையன், குழலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கீழே எழுதியிருந்தது: "என்ஃபீல்டு 1853. செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. ரெப்ளிகாதான், லைசென்ஸ் தேவையில்லை. இப்போதைக்கு ஹாலில் மாட்டுகிறேன். அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது நம்ம ஸ்கூலுக்கு கிஃப்ட். சார் நடத்திய 1857 பாடத்துக்கு என் நன்றி." என்னையும் டேக் செய்திருந்தான்.

என் மீது உள்ள அன்பில் செய்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைவிடக் கீழே வந்த கருத்துகள்தான் என்னை எழுத வைத்தன. "செம சார்", "மாஸ்", இதயம், கைதட்டல். என் சித்தப்பா மகன் ஒருவர், "கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி! வாழ்த்துகள் மாப்பிள்ளை" என்று எழுதியிருந்தார். இப்போது பள்ளியில் பொறுப்பில் இருப்பவர் ஒருவர், "கண்ணாடிப் பெட்டி தயார் செய்துவிடுகிறோம் தம்பி" என்று எழுதியிருந்தார். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, "தம்பி, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்தாயா?" என்று கேட்கவில்லை.

சிவகாசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த கூட்டம் நாம். கேட்டிருக்க வேண்டாமா?

முதலில் கட்டபொம்மனை முடித்துவிடுகிறேன். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அன்றைக்கு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. நம் பாளையக்காரர் படையில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் வேலும் வல்லயமும். இந்தப் படத்தில் இருப்பது கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி. தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தவர் அலெக்ஸாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1807இல் காப்புரிமை வாங்கினார். வாத்து சுடப் போனால் கல் துப்பாக்கியின் பொறியைப் பார்த்தே வாத்து பறந்துவிடுகிறது என்பது அவர் கவலை. செப்புக் கேப்பு அதற்கும் பிறகு. என்ஃபீல்டு 1853 கட்டபொம்மனுக்கு அரை நூற்றாண்டு தள்ளி வந்தது. அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். வரலாற்று வாத்தியார் வீட்டில் பிறந்தவர் அதைத் தப்பாகச் சொன்னால் எனக்குத்தான் அவமானம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என் சண்டை "ரெப்ளிகா" என்ற சொல்லோடு.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டியில் விற்கிறார்கள். அது ரெப்ளிகா. அதற்குள் போய்ச் சாமி கும்பிட முடியாது. ஆனால் அரிவாளைப் பார்த்து அதே இரும்பில், அதே எடையில், அதே கூர்மையில் இன்னொன்று அடித்தால் அதற்குப் பெயர் என்ன? அரிவாள். வெட்டினால் வெட்டும். துப்பாக்கியும் அப்படித்தான். 1961இலிருந்து 1965 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு. பழைய போர்களை நடித்துக் காட்டுகிறவர்களுக்கும், பழைய துப்பாக்கியில் இலக்குச் சுடுகிற சங்கத்தாருக்கும் அசல் போதவில்லை. அப்போதுதான் இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற மலைப் பள்ளத்தாக்கில், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஊரில், இந்தப் புதிய பழசுகளைச் செய்து கப்பலேற்றும் தொழில் பெருகியது. 1970களில் இங்கிலாந்தில் பர்மிங்காமின் பார்க்கர்ஹேல் கம்பெனி என்ஃபீல்டையே மறுபடி செய்து விற்றது. அதே .577 அங்குலக் குண்டு, அதே 39 அங்குலக் குழல், உள்ளே அதே சுழல் பள்ளங்கள். கிட்டத்தட்ட நாலே கால் கிலோ எடை.

இந்த மறுபதிப்புகளை விற்பதற்கு முன் அந்த நாட்டுச் சட்டப்படி அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்தைக் கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். தம்பி, உன் துப்பாக்கியின் குழலில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார். இருந்தால் ஒரு கேள்வி. ஷோ பீஸை யாராவது அதிக மருந்து வைத்துச் சுட்டுச் சோதிப்பார்களா? முத்திரை இல்லாவிட்டால் அதுவும் நல்ல செய்தி இல்லை. நம் இந்தியாவில் செய்து, தீத்துளை போடாமல், அலங்காரப் பொருள் என்று ஏற்றுமதியாகும் துப்பாக்கிகளும் அமெரிக்கச் சந்தையில் உண்டு. வாங்கியவர்களில் சிலர் தாங்களே துளை போட்டுச் சுடுகிறார்கள். யாரும் சோதிக்காத குழல் அது. நீ வாங்கியது எந்த வகை? உனக்குத் தெரியுமா?

"லைசென்ஸ் தேவையில்லை" என்கிறாய். உண்மைதான், அதை மறுக்கவில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளையும், முன்பக்கமாகக் கருமருந்து கெட்டிக்கிற, தோட்டா போட முடியாத துப்பாக்கிகளையும் "பழம்பொருள்" என்று தனியாக ஒதுக்கிவிடுகிறது. போன மாதம் செய்ததாக இருந்தாலும் பழம்பொருள்தான். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகள் உண்டு, அதை நீ பார்த்துக்கொள். அந்தச் சட்டத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு குண்டு கெட்டித்துச் சுட்டு, மறுபடி கெட்டிக்கப் பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று முறைதான் முடியும். இந்த நீளக் குழலைத் தூக்கிக்கொண்டு யாரும் கொள்ளையடிக்கப் போவதில்லை. ஆனால் சட்டம் "உன்னை நான் பதிவு செய்யச் சொல்ல மாட்டேன்" என்று சொன்னதை, "இது உன் பையனை ஒன்றும் செய்யாது" என்று நீ மொழிபெயர்த்துக்கொண்டாய். அந்த மொழிபெயர்ப்புக்கு நான் பூஜ்யம் போடுகிறேன்.

இன்னொரு சொல், "செகண்ட் ஹேண்ட்". பழைய சைக்கிள் வாங்கினால் பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறோம். இதில் என்ன பார்த்தாய்? பின்பக்கம் திறக்கிற துப்பாக்கி என்றால் திறந்து பார்த்தாலே உள்ளே தோட்டா இருப்பது தெரியும். இது முன்பக்கம் கெட்டிக்கிறது. பின்பக்கம் அடைத்தது. மருந்தும் குண்டும் குழலின் அடியில் உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து எந்த அடையாளமும் தெரியாது. முன்பு வைத்திருந்தவர் ஒரு நாள் வேட்டைக்குப் போய், மான் கிடைக்காமல், கேப்பை மட்டும் எடுத்துவிட்டு மூலையில் சாய்த்து வைத்திருக்கலாம். பிறகு அவர் இறந்திருக்கலாம். வீட்டார் சாமான்களோடு சாமானாக விற்றிருக்கலாம். கருமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும்தானே. ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் பற்றும். அதற்குக் கேப்புதான் வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரு பொறி போதும். இது நான் பயமுறுத்தச் சொல்லும் கதை இல்லை. பழைய கெட்டித் துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் அதற்குள் மருந்து இருக்கிறது என்றே நினைத்துக்கொள் என்பது அந்த நாட்டில் இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களின் பாலபாடம். போரை நடித்துக் காட்டுகிறவர்கள்கூட ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கிக்குள்ளும் கம்பியைப் போட்டு, அது அடியில் இரும்பில் மோதிக் கணீரென்று ஒலிக்கிறதா என்று கேட்பார்கள். நடிப்பவனுக்கு இருக்கிற பயம் மாட்டி வைப்பவனுக்கு இல்லை.

நம் ஊரில் இந்த மருந்தைப் பற்றி நான் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரிக்குள் இருப்பது அதே மருந்துதான். 31 ஆண்டுகள் பாடம் நடத்தியதில், வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் இடது கையால் எழுதப் பழகி, எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிய ஒரு பையனை எனக்குத் தெரியும். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி மருந்தைப் போட்டுக்கொண்டு தீபாவளிக்கு விளையாடப் போனவன். இன்றைக்குக் கடை வைத்து நன்றாக இருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். அந்தப் படத்துக்கு லைக் போடாத சிலரில் அவனும் ஒருவன். நான் பார்த்தேன்.

இனி, ஊருக்குக் கொண்டுவரும் யோசனை.

தம்பி, அமெரிக்கச் சட்டம் ஆண்டையும் அமைப்பையும் பார்க்கிறது. நம் சட்டம் பார்ப்பது வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவிலும் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும். சுடுமா, சுடாதா? கேள்வி அவ்வளவுதான். உன்னுடையது சுடும். எனவே இங்கே அது துப்பாக்கி. உரிமம் இல்லாமல் விமான நிலையத்தில் இறங்கினால் சுங்கத்தில் பறிப்பதோடு நிற்காது, சிறைத் தண்டனைக்குரிய வழக்கு. பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி தயார் செய்கிறவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உரிமம் இல்லாத ஆயுதத்தை வாங்கி வைத்தால் பெட்டி கண்ணாடியா மரமா என்று போலீஸ் கேட்காது.

இதற்கு ஒரு உறவினர் தனிச்செய்தியில் பதில் சொன்னார்: "ஆயுதச் சட்டமே வெள்ளைக்காரன் நம்மை அடக்கப் போட்டது. அமெரிக்காவில் சுதந்திரம் இருக்கிறது, நமக்கு இல்லை." பாதி சரி. லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் அப்படிப்பட்டதுதான். இந்தியனுக்கு உரிமம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அதற்கு முன்பே, 1857க்குப் பிறகு, இன்னொரு காரியம் செய்தார்கள். இதே என்ஃபீல்டை உள்ளே சுழல் பள்ளம் இல்லாமல், வழவழப்பான குழலாக, .656 அங்குல வாயோடு செய்து இந்தியச் சிப்பாயிடம் கொடுத்தார்கள். பார்க்க ஒரே மாதிரி. ஆனால் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கி தூரத்து ஆளைக் குறி வைக்கும். நம்மவனுடையது வைக்காது. அந்த வஞ்சகத்தை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் 1959 சட்டம் நாம் போட்டது. 1878 சட்டத்தை நீக்கிவிட்டுப் போட்டது. அதில் 13ஆவது பிரிவைப் படியுங்கள். பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் விவசாயிக்கு முன்பக்கம் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குடகில் கொடவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்ற விலக்கு இன்றும் தொடர்கிறது. நம் நாட்டில் இந்தத் துப்பாக்கிக்கு இடமே இல்லை என்பது பொய்.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் வேறு. கல்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் இருக்கிற "நாட்டுத் துப்பாக்கி" என்ன? இதே சாதனம்தான். முன்பக்கம் மருந்து, ரவை, கம்பி, பின்னால் கேப்பு. கொல்லன் அடித்த குழல், பட்டாசைப் பிரித்த மருந்து. உரிமம் இல்லாமல் அது பிடிபட்டால் பத்திரிகையில் "நாட்டுத் துப்பாக்கியுடன் சுற்றித் திரிந்தவர் கைது" என்று நான்கு வரி வரும். மறுநாள் அவன் பெண்டாட்டி மலையிலிருந்து இறங்கி வக்கீலைத் தேடுவாள். "தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அவ்வப்போது போலீஸ் தண்டோரா போடும். சிலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவனுக்குச் சட்டத்தின் 13ஆவது பிரிவை யாரும் படித்துக் காட்டியதில்லை. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிய இரவு அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் கையில் இருந்தால் குற்றம், உன் ஹாலில் மாட்டினால் கலை. அவன் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. குறி தவறி, கூட வந்தவனே செத்த செய்தியும் அதே மலைகளிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்து "திருந்தாத ஜென்மங்கள்" என்று பகிர்ந்த அதே விரல்கள்தான் இந்தப் படத்துக்கு இதயம் போட்டிருக்கின்றன. சென்ற ஆண்டுப் பகிர்வுகளை நான் மறக்கவில்லை. வாத்தியாருக்கு வருகைப் பதிவேடு மாதிரி அதுவும் ஞாபகம் இருக்கும்.

கடைசியாக அந்த 1857 பாடம். அதைச் சொல்லித்தானே என்னை இதில் இழுத்தாய்.

நான் அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் கொஞ்சம் தப்பாகத்தான் நடத்தினேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். என்ஃபீல்டு வந்தது, கொழுப்புத் தடவிய தோட்டா வந்தது, பல்லால் கடிக்கச் சொன்னார்கள், கலகம் வெடித்தது என்று நேர்க்கோடாகச் சொன்னேன். மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று குதிரைப்படையின் 85 பேர் தொட மறுத்தது புதிய என்ஃபீல்டுத் தோட்டாவையே அல்ல, அவர்கள் எப்போதும் பயன்படுத்தி வந்த பழைய தோட்டாவை. கடிக்கக்கூடச் சொல்லவில்லை, கையால் கிழித்தால் போதும் என்றே அன்றைக்கு உத்தரவு. அப்படியும் மறுத்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது. விஷயம் கொழுப்பை விடப் பெரியது. பல்லாண்டு வேலை வாங்கியவன் "இதில் ஒன்றுமில்லை, நம்பு" என்று சொன்னபோது நம்ப முடியாமல் போனதுதான் விஷயம்.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. நினைவிருக்கிறதா தம்பி? செய்தித்தாளைச் சுருட்டி, உள்ளே கேழ்வரகு மாவு போட்டு, நுனியை முறுக்கி, வெளியே எதையோ தடவிக் கொண்டுவந்து, பெஞ்சுக்கு ஒன்று கொடுத்தேன். "கடித்துத் திற" என்றேன். "என்ன சார் தடவியிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் கேட்கக் கூடாது, நல்லதுதான், கடி" என்றேன். வகுப்பே அமைதியானது. இரண்டாவது பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து, "மாட்டேன் சார்" என்று சொல்லிப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தவன் யார்? நீதான். உனக்குப் பின்னால் எத்தனை பேர் வைத்தார்கள்! அது வெறும் விளக்கெண்ணெய். அன்றைக்கு நான் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தப் பாடத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் பள்ளி நூலகத்துக்கு வரலாற்றுப் புத்தகம் வாங்கிக் கொடு. அங்கே கூரை ஒழுகுகிறது, அதையும் பார். துப்பாக்கி வேண்டாம். கொடுத்தால் நான் வந்து வாங்க மாட்டேன், விழாவுக்கும் வர மாட்டேன்.

நீ அதை விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் வீடு, உன் காசு, அந்த நாட்டுச் சட்டம். சுடப் பழக ஆசை இருந்தால் முறையாகச் சங்கத்தில் சேர்ந்து, தெரிந்தவரிடம் காட்டிப் பழகு. கேப்பு உட்காரும் மூக்கு தேய்ந்திருக்கிறதா, குதிரை பாதியில் நிறுத்தினால் நிற்கிறதா, குழலுக்குள் துருவோ வீக்கமோ இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தற்காலப் புகையில்லா மருந்தை மறந்தும் போடாதே, இந்தக் குழல் அதற்குச் செய்ததில்லை, பிளந்துவிடும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், கருமருந்துக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். மருந்தும் கேப்பும் ஒரே இடத்தில் வேண்டாம், விமானப் பெட்டியில் எந்தப் பெட்டியிலும் வேண்டாம்.

இதெல்லாம் பிறகு. இன்றைக்கு ஒரே வேலை. பையனை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கில் கேப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழலின் வாய்க்கு நேரே முகத்தையும் உடம்பையும் கொண்டு போகாமல், கெட்டிக்கும் கம்பியை உள்ளே அடிவரை விடு. வாயருகே கம்பியில் நகத்தால் அடையாளம் வை. வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார். கம்பி கேப்பு மூக்கின் அருகே வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது குடைந்து எடுக்கிறேன் என்று எதையும் விடாதே. அப்படியே ஓரமாக வைத்துவிட்டுத் துப்பாக்கி பழுது பார்ப்பவரைக் கூப்பிடு.

பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். இங்கே பதினோரு மணி வரை விழித்திருப்பேன். நேரம் தாண்டினாலும் பரவாயில்லை, அடி.